வீடு தேடி வரும் ஆசிரியர்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. கிள்ளானில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மின்தூக்கி பழுதாகிக் கிடக்கிறது. தோளில் துணிப்பையுடன் ஓர் ஆசிரியை ஐந்தாவது மாடிக்குப் படியேறிச் செல்கிறார். இப்படி ஒரு காட்சியை மனத்தில் எண்ணிப் பாருங்கள், மாணவர்களே.

கதவைத் திறந்த இளம் தாயின் முகத்தில் பதற்றம். நாற்காலியில் குவிந்திருந்த துணிகளை அவசரமாக அள்ளி அறைக்குள் போடுகிறார்.

"வீடெல்லாம் அலங்கோலமாக் கிடக்கு டீச்சர். மன்னிச்சுக்குங்க."

ஆசிரியை காலணிகளை வாசலில் கழற்றிவிட்டு, தரையில் விரித்திருந்த பாயில் அமர்கிறார். ஒன்றரை வயது மகன் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, வந்தவரை எட்டிப் பார்க்கிறான்.

ஆசிரியை பையிலிருந்து ஒரு பொருளை வெளியே எடுக்கிறார். கடையில் வாங்கிய விளையாட்டுப் பொருளன்று. கழுவிக் காயவைத்த ஒரு காலி மைலோ டின். கையைக் கிழிக்காதபடி அதன் விளிம்பில் துணிநாடா ஒட்டப்பட்டிருக்கிறது. டின்னுக்குள் பழைய கைலித் துணியைச் சுருட்டித் தைத்த ஆறு பந்துகள் இருக்கின்றன. மூன்று சிவப்பு, மூன்று மஞ்சள். குழந்தையின் வாய்க்குள் போக முடியாத அளவுக்கு அவை பெரியவை.

அந்த டின்னை ஆசிரியை குழந்தையிடம் கொடுக்கவில்லை. அம்மாவிடம் நீட்டுகிறார்.

"என்கிட்ட எதுக்கு டீச்சர்? நீங்களே சொல்லிக் கொடுங்க. நான் படிச்சது மூணாம் படிவம் வரைக்கும்தான். எனக்கு என்ன தெரியும்?"

"இவனுக்கு முதல் டீச்சர் நீங்கதாம்மா. நான் உங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கேன்."

வீடு தேடிச் சென்று கற்பிக்கும் பணி முழுவதும் அந்த ஒரு செயலில் அடங்கியிருக்கிறது. டின்னைக் குழந்தையிடம் கொடுத்திருந்தால் அன்றைய ஒரு மணி நேரம் இனிதே கழிந்திருக்கும். அம்மாவிடம் கொடுத்ததால் அந்த வாரம் முழுவதும் குழந்தைக்கு ஓர் ஆசிரியர் கிடைக்கிறார்.

ஒரு மணி நேரமும் நூற்று அறுபத்தேழு மணி நேரமும்

பள்ளி ஆசிரியரை நாம் அறிவோம். பாலர்பள்ளி ஆசிரியரையும் அறிவோம். இவர்கள் இருவரிடமும் குழந்தை போகிறது. வீடு தேடி வரும் ஆசிரியரோ குழந்தை இருக்கும் இடத்துக்கே போகிறார். பிறந்த சில மாதங்களிலிருந்து ஐந்து வயது வரையிலான குழந்தைகளும் அவர்களுடைய பெற்றோரும்தாம் அவருடைய மாணவர்கள்.

நம் நாட்டில் பாலர்பள்ளிக் கல்வி 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் வழியாகத் தேசியக் கல்வி முறையின் ஓர் அங்கமாயிற்று. ஆயினும், பாலர்பள்ளியில் காலடி எடுத்து வைக்கும்போது குழந்தைக்கு நான்கு வயதோ ஐந்து வயதோ ஆகியிருக்கும். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அதற்குக் கற்பிப்பவர் யார்? வீட்டில் இருப்பவர்தான்.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. ஆசிரியை வீட்டில் இருப்பது ஒரு மணி நேரம் மட்டுமே. எஞ்சிய 167 மணி நேரமும் குழந்தை பெற்றோருடனோ தாத்தா பாட்டியுடனோ கழிக்கிறது. ஆகவே, அந்த ஒரு மணி நேரத்தை ஆசிரியை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதே முக்கியம். குழந்தைக்குத் தாமே பாடம் நடத்திவிட்டுப் போனால், அவர் போனதும் பாடமும் போய்விடும்.

ஒரு வருகை பெரும்பாலும் இந்த வரிசையில் அமையும். முதலில் நலம் விசாரிப்பு. பிறகு, சென்ற வாரம் விட்டுச் சென்ற விளையாட்டு எப்படி நடந்தது என்ற உரையாடல். அதன்பின் புதிய விளையாட்டு ஒன்றை ஆசிரியை அம்மாவுக்குக் காட்டுவார். அம்மா அதைக் குழந்தையுடன் விளையாடுவார். ஆசிரியை அருகில் இருந்து பார்ப்பார். அம்மா நன்றாகச் செய்த ஒன்றைக் குறிப்பிட்டுப் பாராட்டுவார். ஒரு படப்புத்தகத்தை மூவரும் புரட்டுவார்கள். ஒரு பாட்டுப் பாடுவார்கள். இறுதியில், குளிக்க வைக்கும்போதும் சோறு ஊட்டும்போதும் எதைப் பேசலாம் என்று முடிவு செய்வார்கள். விளையாட்டுப் பொருள் அந்த வீட்டிலேயே இருக்கும். அடுத்த வாரம் அதை வாங்கிக்கொண்டு வேறொன்றைத் தருவார்.

அந்த மைலோ டின்னில் எத்தனை பாடங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். பந்தை உள்ளே போடும்போது "உள்ளே" என்ற சொல். கவிழ்க்கும்போது "வெளியே". மூடி வைக்கும்போது "காணோம்". திறக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத பொருள் இல்லாமல் போய்விடுவதில்லை என்ற பேருண்மை. சிவப்பு, மஞ்சள் என்ற நிறங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்ணிக்கை. விரல்களுக்குப் பயிற்சி. "நீ ஒன்று, நான் ஒன்று" என்று முறை வைத்துக் காத்திருக்கும் பொறுமை. இவ்வளவும் செலவில்லாத ஒரு டின்னில் கிடைக்கின்றன. ஆனால், எதிரில் ஒருவர் அமர்ந்து பேசினால்தான் கிடைக்கும். டின்னுக்குத் தானாகப் பேசத் தெரியாது.

பூப்பந்து ஆட்டம் போல

குழந்தையின் மூளை ஐந்து வயது நிறைவதற்குள் பெரியவர்களின் மூளையளவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. அந்த ஆண்டுகளில் மூளையின் நரம்பணுக்களுக்கிடையே எண்ணற்ற இணைப்புகள் உருவாகின்றன. அடிக்கடி பயன்படும் இணைப்புகள் வலுப்பெறுகின்றன. பயன்படாதவை மெல்ல மெல்ல நீங்கிவிடுகின்றன.

இணைப்புகளுக்கு வலுவூட்டுவது எது? பூப்பந்து ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பந்தை அடிக்கிறார்; எதிரில் இருப்பவர் திருப்பி அடிக்கிறார். குழந்தை சாளரத்தைக் காட்டி "ஆ" என்கிறது. அது குழந்தை அடித்த பந்து. "ஆமாம், காக்கா! கறுப்புக் காக்கா பறந்து போச்சு!" என்று அம்மா சொன்னால், அது திருப்பி அடித்த பந்து. குழந்தை மீண்டும் ஏதோ சொல்கிறது. ஆட்டம் தொடர்கிறது. பந்தைத் திருப்பி அடிக்க ஆளில்லாவிட்டால் குழந்தை சில முறை முயன்றுவிட்டு நிறுத்திக்கொள்ளும்.

கைப்பேசியில் ஓடும் காணொளி ஓயாமல் பந்து அடிக்கும். ஆனால், குழந்தை அடிக்கும் பந்தை அது திருப்பி அடிக்காது. உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி, ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்கும் அதைப் பரிந்துரைக்கவில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது.

கிங்ஸ்டன் நகரம் கற்பித்த பாடம்

வாரம் ஒரு மணி நேர வருகையால் உண்மையில் பயன் உண்டா? இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆய்வுகளுள் புகழ்பெற்றது ஜமைக்கா நாட்டின் தலைநகரான கிங்ஸ்டனில் நடந்தது. பேராசிரியர் சாலி கிரந்தம் மெக்ரகரும் அவருடைய குழுவினரும் 1986, 1987ஆம் ஆண்டுகளில் அதனைத் தொடங்கினர். ஏழ்மை நிறைந்த பகுதிகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தனர். அவர்கள் 9 மாதம் முதல் 24 மாதம் வரையிலான குழந்தைகள்.

குழந்தைகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்குச் சத்துணவு வழங்கப்பட்டது. இன்னொரு குழுவின் வீடுகளுக்கு வாரம் ஒரு முறை சமூகச் சுகாதாரப் பணியாளர் சென்று, தாயும் குழந்தையும் சேர்ந்து விளையாட வழிகாட்டினார். மூன்றாவது குழுவுக்கு இரண்டும் கிடைத்தன. நான்காவது குழுவுக்கு இரண்டும் இல்லை. இவ்வாறு இரண்டு ஆண்டுகள் நடந்தன. வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்த விளையாட்டுச் சாமான்களே பயன்படுத்தப்பட்டன.

இருபது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அந்தக் குழந்தைகளைத் தேடிச் சென்றனர். 129 பேரில் 105 பேரைக் கண்டுபிடித்தனர். அவர்களுக்கு அப்போது வயது ஏறத்தாழ 22. வீட்டு வருகை பெற்றவர்களின் சராசரி வருமானம், அதனைப் பெறாதவர்களின் வருமானத்தைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 2014ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் இம்முடிவு வெளியானது. சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நீண்டகாலப் பயன் காணப்படவில்லை. இதனால் உணவு தேவையில்லை என்று பொருள் கொள்ளக்கூடாது. வயிறு நிறைவது மட்டும் போதாது. குழந்தையோடு பேசவும் விளையாடவும் ஒருவர் வேண்டும் என்பதே இதன் பொருள்.

கிங்ஸ்டன் எங்கோ தொலைவில் இருக்கிறது என்று நாம் எண்ண வேண்டியதில்லை. யூனிசெப் அமைப்பு கோலாலம்பூரின் 17 குறைந்த விலை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 966 குடும்பங்களிடம் ஆய்வு நடத்தி, 2018ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டது. அங்குள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதிருந்தனர். வானளாவிய கோபுரங்களின் நிழலிலேயே, கிங்ஸ்டன் குழந்தைகளைப் போன்ற குழந்தைகள் வளர்கிறார்கள்.

ஆயினும், வீட்டு வருகை மந்திரக்கோல் அன்று. தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் இதே முறையை 96 நகராட்சிகளில் 18 மாதங்கள் நடத்திப் பார்த்தனர். முடிவில் குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்த முன்னேற்றம் நிலைத்திருக்கவில்லை. நல்ல தொடக்கம் மட்டும் போதாது. தொடர்ந்து பேணவும் வேண்டும் என்பதை இது நமக்கு நினைவூட்டுகிறது.

நம் மண்ணில் இதன் வேர்கள்

வீடு தேடிச் செல்லும் பணி நமக்கு முற்றிலும் புதியதன்று. பிள்ளை பெற்ற தாயை அரசாங்கச் சுகாதார நிலையத் தாதியர் வீட்டுக்கே வந்து பார்ப்பது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். உங்களையும் உங்கள் தாயாரையும் பார்க்க அப்படி ஒருவர் வந்திருக்கலாம். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

1984ஆம் ஆண்டு திரங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில், உடற்குறையுடைய குழந்தைகளுக்கான சமூகம் சார்ந்த மறுவாழ்வுத் திட்டம் தொடங்கியது. 'பி.டி.கே.' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இத்திட்டம் பின்னர் நாடு முழுவதும் பரவியது. நிலையத்துக்கு வர இயலாத குழந்தைகளின் வீட்டுக்குச் சென்று பயிற்சியளிப்பதும் இதன் பணிகளுள் ஒன்று.

தமிழ்நாட்டில், தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் 1981ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம், உடற்குறையுடைய குழந்தைகளுக்காகப் பணியாற்றுகிறது. அதன் களப்பணியாளர்கள் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று பெற்றோருக்குப் பயிற்சி தருகிறார்கள். அதற்கும் முன்பே, 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்டேஜ் என்னும் சிற்றூரில் இதே எண்ணம் செயலுக்கு வந்தது. பள்ளிக்கு வெகு தொலைவில் வாழ்ந்த உடற்குறையுடைய குழந்தைகளின் வீட்டுக்கு ஆசிரியர் வாரந்தோறும் சென்றார். மற்ற நாள்களில் பெற்றோரே கற்பித்தனர். போர்டேஜ் என்ற அவ்வூரின் பெயரிலேயே அம்முறை இன்று பல நாடுகளில் வழங்குகிறது.

நம் சமூகத்துக்கு இப்பணி ஏன் இப்போது கூடுதலாகத் தேவைப்படுகிறது? உங்கள் தாத்தா பாட்டி தோட்டத்தில் வளர்ந்தவர்களாயின், 'ஆயாக் கொட்டகை' என்ற சொல்லை அவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். விடியற்காலையில் பால் வெட்டப் புறப்படும் தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கத்திலேயே தூக்கிவந்து அங்கு விடுவார்கள். ஆயா அவர்களைப் பார்த்துக்கொள்வார். அங்கே வசதிகள் குறைவு. ஆனால், குழந்தையைச் சுற்றி எப்போதும் மனிதக் குரல்கள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மறைந்தபோது, குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங், கோலாலம்பூர் எனச் சிதறின. லயத்து வீட்டு வாசலில் ஒருவரையொருவர் பார்த்து வாழ்ந்தவர்கள், அடுக்குமாடி வீடுகளில் இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டு வாழப் பழகினார்கள். குழந்தை வளர்ப்பில் ஐயம் வந்தால் கேட்பதற்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா இல்லை. வீடு தேடி வரும் ஆசிரியை அந்த வெற்றிடத்தில்தான் கதவைத் தட்டுகிறார்.

விருந்தினரா, மேற்பார்வையாளரா?

இப்பணியின் முதல் சவால் கதவருகிலேயே தொடங்குகிறது. "நம்மைக் குறை சொல்ல வந்திருக்கிறாரோ?" என்ற அச்சம் பெற்றோருக்கு எழுவது இயல்பு. ஆகவே, ஆசிரியை முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது விருந்தினராக இருப்பதற்கு. கழுவாத பாத்திரங்கள் அவர் கண்ணில் படலாம், வாயில் வரக்கூடாது. தேநீர் தந்தால் மகிழ்வோடு வாங்கிக்கொள்வார். அந்த வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் சொல்லமாட்டார். மாலை ஐந்து மணிக்குத்தான் அப்பாவுக்கு ஓய்வு என்றால், முடிந்தவரை அந்த நேரத்துக்கு வருவார், அப்பாவும் பெற்றோர்தானே.

சில வீடுகளில் பாட்டிதான் முதல் எதிர்ப்பாளர். "எங்க காலத்துல யார் வந்து சொல்லிக் கொடுத்தா? நாங்க ஏழு பிள்ளைங்களை வளர்க்கலையா?" என்று அவர் கேட்பார். அதில் நியாயம் உண்டு. விவரமறிந்த ஆசிரியை வாதம் செய்யமாட்டார். "பாட்டி, உங்க பிள்ளைகளுக்கு என்ன பாட்டுப் பாடுவீங்க?" என்று கேட்பார். பாட்டி பாடத் தொடங்கிவிட்டால் அன்றைய பாடத்தை அவரே நடத்திவிடுவார்.

தமிழர்கள் குழந்தையின் வளர்ச்சியைக் கூர்ந்து நோக்கியவர்கள் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியமே சான்று. குழந்தைப் பருவத்தை அது பத்தாகப் பிரிக்கிறது. தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. தாலாட்டுக் கேட்பது தால். கைகொட்டி மகிழ்வது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. நிலவை விளையாட அழைப்பது அம்புலி. இன்று தாதியர் குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டில் குறிக்கும் வளர்ச்சிப் படிகளைப் போன்றவற்றை நம் புலவர்கள் பாட்டில் குறித்துவைத்தார்கள். பாட்டியின் கைகொட்டும் விளையாட்டுக்கும் ஆசிரியையின் பைக்குள் இருக்கும் பாடத்துக்கும் பகையில்லை.

எந்த மொழியில் பேசுவது?

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. மீண்டும் நம் காட்சிக்கு வருவோம். அம்மா மகனை, "கம் பாய், சிட்! நோ, டோன்ட் டச்!" என்று அழைக்கிறார். ஆசிரியை மென்மையாகக் கேட்கிறார்.

"உங்க அம்மாகிட்ட எந்த மொழியில பேசுவீங்கம்மா?"

"தமிழ்லதான் டீச்சர். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. ஆனா இவன் நாளைக்கு ஸ்கூல்ல தடுமாறக் கூடாதுல்ல? அதான் இப்பவே பழக்குறேன்."

இந்த விடையில் ஒரு தாயின் அன்பும் அச்சமும் கலந்திருக்கின்றன. அதனை எள்ளி நகையாடக்கூடாது. ஆனால், ஆசிரியை ஒன்றைக் கவனிக்கிறார். தமக்குச் சரளமாக வராத மொழியில் அம்மா பேசும்போது, குழந்தைக்குக் கிடைப்பவை கட்டளைகள் மட்டுமே: வா, உட்கார், தொடாதே. தமிழில் பேசும்போது அவரே காக்கைக் கதை சொல்கிறார், கேலி செய்கிறார், "ஏன்? எப்படி?" என்று கேட்கிறார். பூப்பந்து ஆட்டம் தடையின்றி நடப்பது தமக்கு நன்கு தெரிந்த மொழியில்தான்.

"நீங்க கனவு காணுற மொழியிலேயே இவன்கிட்ட பேசுங்கம்மா. கதை சொல்லுங்க. அதுல இவன் யோசிக்கக் கத்துக்குவான். மற்ற மொழிகளையும் நல்லாப் படிப்பான்."

சிறு குழந்தைகளால் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைக் கற்க இயலும். மலேசியக் குழந்தை தமிழும் மலாயும் ஆங்கிலமும் காதில் விழும் சூழலில்தான் வளர்கிறது. ஆகவே, எந்த மொழியையும் வீட்டைவிட்டு விரட்ட வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவராயின் அவர் ஆங்கிலத்திலேயே கதை சொல்லலாம். வேண்டியது வளமான பேச்சு. தம் மொழி தாழ்ந்தது என்று எண்ணும் தாய் நாளடைவில் குழந்தையிடம் பேச்சையே குறைத்துவிடுவார். மொழி இழப்போடு உரையாடலும் இழக்கப்படுகிறது.

தெரிந்துகொள்ள வேண்டிய எல்லைகள்

வீடு தேடி வரும் ஆசிரியை மருத்துவர் அல்லர். ஆனால், கூர்ந்து நோக்கப் பழகியவர். பெயர் சொல்லி அழைத்தும் குழந்தை திரும்பவில்லை என்றால், காது கேட்கிறதா என்று சோதிக்கச் சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார். கண்முன் நீட்டிய பந்தைக் குழந்தையின் பார்வை தொடரவில்லை என்றால் கண் சோதனைக்கு வழிகாட்டுவார். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வெள்ளைக் கோலுடன் நடந்து செல்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்குதான் இயங்குகிறது. எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று அறிந்திருப்பது ஆசிரியையின் கடமை. "நம் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை; மெதுவாகப் பேசுவான்" என்று காத்திருக்கும் மாதங்கள் திரும்பி வாரா. அந்தச் செய்தியைப் பெற்றோரின் மனம் உடையாமலும், உண்மையை மறைக்காமலும் சொல்வதே இப்பணியின் மிகக் கடினமான பகுதி.

இன்னொன்றும் உண்டு. குடும்பச் செய்திகளை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. எனினும், குழந்தை துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால் மௌனம் காப்பது தவறு. அத்தகைய நேரத்தில் 15999 என்ற 'தாலியான் காசே' எண்ணை அழைக்கலாம். இது ஆசிரியர்களுக்கு மட்டுமன்று, உங்களுக்கும் உரியது.

நீங்களும் செய்யலாம்

இப்பணியில் ஈடுபட விரும்புவோர் தொடக்கக் குழந்தைப் பருவக் கல்வியைக் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் பயிலலாம். குழந்தை வளர்ச்சி, உடல்நலம், சிறப்புக் கல்வி ஆகியவற்றில் பயிற்சி வேண்டும். அவற்றோடு, பட்டத்தால் மட்டும் வந்துவிடாத ஒரு பண்பும் வேண்டும்: பேசுவதைவிடக் கூடுதலாகக் கேட்கும் பொறுமை.

பட்டம் பெறும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ அக்காளின் குழந்தையோ இருக்கலாம். கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் தரையில் அமருங்கள். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். அது பதில் சொல்லக் காத்திருங்கள். நீங்கள் அடித்த பந்து திரும்பி வரும்.

இனி, அந்த ஐந்தாவது மாடி வீட்டுக்கு நான்கு மாதங்கள் கழித்துச் செல்வோம். மின்தூக்கி மீண்டும் பழுது. ஆசிரியை மூச்சு வாங்கப் படியேறி வருகிறார். இம்முறை நாற்காலிமேல் துணிகள் அப்படியே குவிந்திருக்கின்றன. அம்மா அவற்றை அள்ளி ஒளிக்கவில்லை. தரையில் ஓர் அட்டைப்பெட்டி. அதில் மூன்று வட்டத் துளைகள். பழைய காலுறைகளைச் சுருட்டிச் செய்த பந்துகளை மகன் ஒவ்வொன்றாகத் துளைகளில் போட்டு, "உள்ள போச்சு!" என்று கத்துகிறான்.

"இதை நான் உங்களுக்குக் காட்டலையேம்மா?" என்று ஆசிரியை கேட்கிறார்.

"இல்ல டீச்சர். நேத்து ராத்திரி நானே செஞ்சேன். டின்னுல போட்டுப் போட்டு அவனுக்குச் சலிச்சுப் போச்சு. ஓட்டையை ஒன்னு பெருசு, ஒன்னு சின்னதுன்னு வெட்டுனேன். எது நுழையும், எது நுழையாதுன்னு அவனே கண்டுபிடிக்கிறான் டீச்சர்!"

ஆசிரியை தம் பையிலிருந்த புதிய விளையாட்டுப் பொருளை வெளியே எடுக்கவில்லை. பாயில் அமர்ந்து, அம்மா கற்பிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கலந்துரையாடுக

1. ஆசிரியை டின்னைக் குழந்தையிடம் கொடுக்காமல் அம்மாவிடம் கொடுத்ததன் காரணத்தை உம் சொந்த வாக்கியங்களில் விளக்குக.

2. கிங்ஸ்டன் ஆய்வின் முடிவும் கொலம்பியா ஆய்வின் முடிவும் எவ்வாறு வேறுபடுகின்றன? இவ்விரண்டிலிருந்தும் நாம் அறிந்துகொள்வது யாது?

3. 'குழந்தையிடம் தமக்கு நன்கு தெரிந்த மொழியிலேயே பேச வேண்டும்' என்ற கருத்தை நீர் ஏற்கிறீரா? உம் குடும்பத்து மொழிப் பழக்கத்தைச் சான்றாகக் காட்டிக் கருத்துரைக்க.

4. வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு இரண்டு வயதுக் குழந்தைக்கு ஏற்ற, பாதுகாப்பான ஒரு விளையாட்டுப் பொருளை உருவாக்கி, அதன்வழிக் குழந்தை கற்கும் சொற்களைப் பட்டியலிடுக.